மீஸான் கல்லில் முடிந்த மொழி

அடக்கத்தலங்களில் நாம் காணும் மீஸான் கற்களில் மறைந்தவரின் பெயரும், அவருடைய தந்தையின் பெயரும், மறைந்த நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். துருக்கி நாட்டில் ஒரு முதியவர் தம் மீஸான் கல்லில் வேறொரு செய்தி இடம்பெற வேண்டுமென விரும்பி, அதற்குரிய வாசகத்தை 1984-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். உபிக் என்று அழைக்கப்பட்ட மொழியைப் பேச வல்லவராக இருந்த கடைசி மனிதர் இங்கே அடங்கியிருக்கிறார் என்பதே அச்செய்தியின் சாரம். அம்முதியவரின் பெயர் தவ்ஃபீக் எஸன்ச்.

1992 அக்டோபரில் அவர் காலமானார். அன்றைய தினம், டென்மார்க்கைச் சேர்ந்த மொழியாய்வாளர் ஓலெ ஸ்டிக் ஆண்டர்சன் என்பார், முன்னறிவிப்பு எதுவுமின்றி அவரைக் கண்டு உரையாடும் ஆவலோடு அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். சில மணி நேரத்துக்கு முன்புதான் அவருடைய உயிர் பிரிந்தது என்ற செய்தியே வந்தவரை எதிர்கொண்டது. அன்றே நல்லடக்கமும் நடந்து முடிந்தது.

ஒரு மனிதரை அடக்கம் செய்தபோது ஒரு மொழியும் உடன் அடங்கியது என்று கூறுவது கேட்பதற்கு உருக்கமாக இருக்கும். ஆயினும், அம்மொழியின் உயிர் உண்மையில் எப்போது பிரிந்தது, அதில் எது காப்பாற்றப்பட்டது, எது காப்பாற்ற இயலாமற் போயிற்று என்பவற்றை ஆராய்ந்தறிவது, உருக்கத்தைக் காட்டிலும் நமக்குப் பயன் தருவதாகும்.

தாயகமும் வெளியேற்றமும்

கருங்கடலின் கிழக்குக் கரையில், காக்கசஸ் மலைகள் கடலை நோக்கிச் சரிகின்ற பகுதியில் உபிக் மக்கள் வாழ்ந்தனர். இன்று சோச்சி என வழங்கும் நகரமும் அதன் சுற்றுப்புறமுமே அவர்களுடைய தாயகம். ஒருபுறம் சர்க்காசியரும் மறுபுறம் அப்காசியரும் அவர்களுக்கு அண்டை மக்களாக விளங்கினர். அதிகே, கபர்தியம், அப்காஸ், அபாஸா ஆகிய மொழிகளும் உபிக் மொழியும் வடமேற்குக் காக்கசியம் எனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 17-ஆம் நூற்றாண்டில் அக்கரையோரமாகப் பயணம் செய்த உதுமானியப் பயணி எவ்லியா செலபி, தம் பயண நூலில் குறித்து வைத்த மொழி மாதிரிகளுள் உபிக் சொற்களும் இருக்கின்றன.

19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசு காக்கசஸ் முழுவதையும் தன் ஆட்சிக்குட்படுத்த முனைந்தது. பல பத்தாண்டுகள் நீடித்த அப்போரில் உபிக் மக்கள் இறுதிவரை எதிர்த்து நின்றோருள் ஒருவராவர். 1861-இல் சோச்சிப் பகுதியில் அவர்கள் சர்க்காசியரோடு கூடி ஒரு மஜ்லிஸை நிறுவினர். அதே ஆண்டில் காக்கசஸுக்கு வந்த ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரை மலைவாழ் மக்களின் தூதுவர்கள் சந்தித்துப் பேசினர். சொந்த மண்ணிலேயே வாழ்ந்திருக்க அவர்கள் விழைந்தனர். குபான் சமவெளியில் குடியேறுங்கள், அன்றேல் உதுமானிய நாட்டுக்குச் சென்றுவிடுங்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி.

1864-ஆம் ஆண்டின் இளவேனிலில் உபிக் நிலம் வீழ்ந்தது. ரஷ்யப் பழைய நாட்காட்டியின்படி அவ்வாண்டு மே 21-ஆம் நாளன்று, கபாதா என்னும் மலைவெளியில் ரஷ்யப் படைகள் வெற்றி அணிவகுப்பு நடத்தின. பின்னர் அவ்விடம் கிராஸ்னயா போல்யானா எனப் பெயர் பெற்றது. 2014-இல் சோச்சியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் விழாவின் பனிச்சறுக்குப் போட்டிகள் அப்பகுதியிலேதான் நிகழ்ந்தன.

தாயகத்தை விட்டு உபிக் மக்கள் ஏறத்தாழ அனைவருமே வெளியேறினர். அவர்களுடைய தொகை 50,000 அளவினதாக இருந்தது என்பது ஒரு மதிப்பீடு. சர்க்காசியரும் பிறரும் இலட்சக்கணக்கில் அதே பாதையில் சென்றனர். கொள்ளளவுக்கு மிஞ்சி மக்களை ஏற்றிய கப்பல்களிலும், தரப்ஸோன், சம்சுன் ஆகிய துறைமுகங்களில் அமைந்த முகாம்களிலும் பசியும் நோயும் எண்ணற்றோரைக் கொண்டுபோயின. எஞ்சியோர் முஹாஜிர்களாக அனத்தோலியாவின் பல பகுதிகளில் சிதறிக் குடியமர்ந்தனர். ஒரு மொழி நிலைபெறுவதற்குத் தேவையான அண்டை வீடும் சந்தையும் சபையும், மேற்கு அனத்தோலியாவின் சில சிற்றூர்களில் மட்டுமே உபிக் மொழிக்கு வாய்த்தன.

மொழி சுருங்கிய வரலாறு

மொழி அழிந்ததற்குப் போர் ஒன்றையே காரணமாகக் காட்டினால் வரலாற்றின் ஒரு பாதியைத்தான் கூறியவர்களாவோம். தாயகத்திலேயே உபிக் மக்களுள் பலர் சர்க்காசிய மொழியையும் நன்கு அறிந்திருந்தனர். தொகையில் மிகுந்த அண்டை மக்களோடு கொள்வினை கொடுப்பினையும் அரசியல் உறவும் இருந்தமையால் இருமொழி வழக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. புலம்பெயர்ந்த பின்னர் அவ்வழக்கு மேலும் வலுப்பெற்றது. சர்க்காசியர் நடுவே வாழ்ந்த உபிக் குடும்பங்களில் சர்க்காசியம் வீட்டு மொழியாகியது. சந்தையிலும் அரசு அலுவலகத்திலும் துருக்கி மொழி தேவைப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையில் உபிக் முதியோர் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியாகச் சுருங்கியது.

1923-இல் துருக்கிக் குடியரசு தோன்றியது. 1928-இல் இலத்தீன் எழுத்து முறை நடைமுறைக்கு வந்தது. குடிமக்கள் அனைவரும் துருக்கியிலேயே பேச வேண்டுமென்ற இயக்கமும் அவ்வாண்டிலேயே எழுந்தது. 1934-இல் இயற்றப்பட்ட குடும்பப்பெயர்ச் சட்டத்தின்படி, பழைய குலப்பெயர்களுக்கு மாறாகத் துருக்கிப் பெயர்கள் பதிவாயின. பள்ளிக்கூடம், படைச்சேவை, அரசுப் பணி ஆகிய எல்லாவற்றிலும் துருக்கி ஒன்றே பயன்பட்டது. பிள்ளைகள் முன்னேற வேண்டுமென்று பெற்றோர் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, நல்லெண்ணத்தோடேயே எடுக்கப்பட்ட அம்முடிவுகள் யாவும் ஒன்றுசேர்ந்தபோது, அடுத்த தலைமுறைக்கு உபிக் கிடைக்காமற் போயிற்று.

அறிஞர்களின் வருகை

மொழியறிஞர்கள் உபிக் மீது கருத்தைச் செலுத்தியது ஏறத்தாழ இந்தக் காலகட்டத்திலேதான். 1887-இல் அச்சேறிய பீட்டர் உஸ்லாரின் ஆய்வில் உபிக் குறித்துச் சில குறிப்புகள் இடம்பெற்றிருந்தன. அடோல்ஃப் டிர் என்னும் ஜெர்மானிய அறிஞரின் நூல் 1928-இல் வெளிவந்தது. ஹங்கேரியரான யூலியுஸ் மேசாரோஷின் ஆய்வு நூல் 1934-இல் வந்தது.

இவர்களுள் நீண்ட காலம் உழைத்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் துமேசில். 1898-இல் பிறந்த இவர், 1925-இல் இஸ்தான்புல் பல்கலைக் கழகத்துக்கு மதங்களின் வரலாறு கற்பிக்க வந்தார். அங்கிருந்த ஆண்டுகளில் துருக்கி கற்று, காக்கசஸிலிருந்து வந்து குடியேறியோரின் ஊர்களைத் தேடிச் சென்று, உபிக் மொழியைக் குறித்த தம் முதல் நூலை 1931-இல் பாரிஸில் வெளியிட்டார். உலகம் அவரைப் பெரிதும் அறிந்தது தொன்மக் கதைகளின் ஒப்பாய்வாளராகவே. 1978-இல் பிரெஞ்சு அகாதமியின் உறுப்பினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தனை புகழுக்கிடையிலும், விரல்விட்டு எண்ணத்தக்க முதியோர் மட்டுமே பேசிய ஒரு மொழியை அவர் கைவிடவில்லை. 1954-இல் மீண்டும் துருக்கிக்கு வந்து ஆய்வைத் தொடர்ந்தார். அவ்வாறு தொடர்ந்த பணியிலேதான் தவ்ஃபீக் எஸன்ச் அவருக்குக் கிடைத்தார்.

எண்பத்து நான்கு மெய்கள்

அறிஞர்கள் இம்மொழியின்பால் இத்துணை ஈடுபாடு கொண்டதன் காரணத்தை அறிய, அதன் ஒலியமைப்பைச் சற்றே நோக்குவோம்.

தமிழில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு என்பது நாம் அரிச்சுவடியில் கற்றது. உபிக் மொழியிலோ மெய்யொலிகள் 84. அவற்றுள் நான்கு, பிறமொழிச் சொற்களோடு வந்து சேர்ந்தவை. அடிப்படை உயிரொலிகள் இரண்டே இரண்டு. மூன்று எனக் கொள்வாரும் உளர். அப்படியாயின் இரண்டு உயிர்களை வைத்துக்கொண்டு ஒரு மக்கட் கூட்டம் எவ்வாறு பேசியது என்ற ஐயம் எழலாம். நம் மொழியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 'பந்து' என்னும் சொல்லிலும் 'கம்பு' என்னும் சொல்லிலும் நாம் எழுதுவது ஒரே பகரம். எனினும் அது ஒலிக்கும் விதம் இரண்டிலும் வேறு. இடத்துக்கேற்ப ஒலிப்பு மாறினும் அதனை நாம் ஒரே எழுத்தாகவே உணர்கிறோம். உபிக் மொழியின் உயிர்களும் இத்தகையனவே. அடுத்து நிற்கும் மெய்க்கேற்ப அவை 'இ' போன்றும் 'உ' போன்றும் பலவாறாக ஒலித்தாலும், பேசுவோர் உள்ளத்தில் அவை இரண்டே. காதில் விழும் ஒலிகளுக்கும் உள்ளம் எண்ணும் ஒலிகளுக்கும் உள்ள இந்த உறவை ஆராய்வதே ஒலியனியல்.

மெய்களின் பெருக்கத்தை அறிந்துகொள்ள, மதரஸாவில் குர்ஆன் ஓதக் கற்ற நம் வாசகர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'காஃப்' என்று தொடங்கும் இரண்டு அரபு எழுத்துகளையும் வேறுபடுத்தி ஓத, உஸ்தாது நம்மை எத்தனை முறை திருத்தியிருப்பார்! ஒன்று அண்ணத்திலே பிறப்பது. மற்றொன்று அதற்கும் பின்னே, உள்நாக்கருகே பிறப்பது. தஜ்வீத் கலையில் மக்ரஜ் என்று கூறப்படும் பிறப்பிட வேறுபாடு இதுவே. அரபு மொழியில் உள்நாக்கருகே பிறக்கும் அந்த அடைப்பொலி ஒன்றுதான். உபிக் மொழியிலோ அவ்விடத்திலேயே பத்து அடைப்பொலிகள் பிறந்தன. இயல்பாக ஒலிப்பது ஒன்று, உதட்டைக் குவித்து ஒலிப்பது ஒன்று, நாவின் நடுவை அண்ணத்தை நோக்கி உயர்த்தி ஒலிப்பது ஒன்று, தொண்டையை இறுக்கி ஒலிப்பது ஒன்று, தொண்டையை இறுக்குவதோடு உதட்டையும் குவித்து ஒலிப்பது ஒன்று. இவ்வைந்தும் குரல்வளையை மூடி வெடிப்பாக ஒலிக்கப்படும்போது மேலும் ஐந்தாயின. அவ்விடத்தில் பிறக்கும் உரசொலிகளையும் சேர்த்தால் மொத்தம் இருபது.

நாவின் நுனியும் உதடுகளும் ஒருசேர மூடித் திறக்கும் ஒலியும் அவற்றுள் ஒன்று. இம்மக்கள் தங்களைக் குறித்த பெயரே அவ்வொலியில்தான் தொடங்கியது. மேசாரோஷ் தம் நூலுக்கு இட்ட தலைப்பிலோ அப்பெயர் 'பெக்கி' எனப் பகரத்தில் தொடங்குகிறது. தேர்ந்த செவிக்கும் எளிதில் பிடிபடாத ஒலிகள் இவை.

ஒரு சொல்லில் ஒரு வாக்கியம்

தொடரமைப்பிலும் இம்மொழி வேறொரு வழியிலே நடந்தது. 'கொடுத்தான்' என்று தமிழில் கூறினால், கொடுத்தவன் ஓர் ஆண் என்பதை வினைமுற்றின் ஈறு காட்டும். எதைக் கொடுத்தான், எவருக்குக் கொடுத்தான் என்பவற்றை அவ்வினை காட்டாது. உபிக் வினைச்சொல்லிலோ கொடுத்தவர், கொடுக்கப்பட்ட பொருள், பெற்றுக்கொண்டவர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அடையாளங்கள் முன்னொட்டுகளாக வந்து சேரும். எதிர்மறையும் காலமும் ஏவலும் அதனோடேயே இணையும். நாம் நான்கைந்து சொற்களால் கூறுவதை அவர்கள் ஒரு வினைச்சொல்லில் அடக்கினர்.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. 'மனிதன் வந்தான்', 'மனிதன் மரத்தை வெட்டினான்' என்னும் இரு தொடர்களிலும் 'மனிதன்' உருபு ஏதுமின்றியே நிற்கிறான். உருபு ஏற்பது மரம். உபிக் மொழியில் இது தலைகீழாகும். வெட்டப்படும் மரமும், வந்த மனிதனும் உருபின்றி நிற்க, வெட்டிய மனிதனுக்கே உருபு சேரும். ஒரு செயலை மனித உள்ளம் எத்தனை விதமாகப் பகுத்துக் காண இயலும் என்பதற்கு இத்தகைய மொழிகளே சான்று. உலகில் சுமார் 7,000 மொழிகள் பேசப்படுகின்றன என்பர். அவற்றுள் பெரிய மொழிகளை மட்டும் கற்று, மனித மொழியின் எல்லை இதுவே என்று எவரேனும் வரையறுத்திருந்தால், உபிக் போன்ற ஒரு சிறிய மொழி அவ்வரையறையைத் தகர்த்திருக்கும்.

இருவரின் உழைப்பு

தவ்ஃபீக் எஸன்ச் 1904-இல் பிறந்தவர். பாலிகெசிர் மாகாணத்தில், மன்யாஸை அடுத்த ஹாஜி உஸ்மான் கிராமம் அவருடைய ஊர். இளமையில் அவரை வளர்த்தவர்கள், உபிக் பேசிய பாட்டனாரும் பாட்டியுமாவர். இக்காரணத்தினாலேயே தம் வயதொத்தோரிடம் தேய்ந்துபோன மொழி அவரிடம் முழுமையாக நிலைத்திருந்தது. தம் ஊரின் தலைவராகப் பணியாற்றிய அவர், பின்னர் இஸ்தான்புல்லில் அரசுப் பணியிலும் இருந்தார். கல்லூரிப் பேராசிரியர் அல்லர். எனினும் நினைவாற்றல் மிக்கவர். அறிஞர்கள் எதை நாடி வந்துள்ளனர் என்பதை விரைவிலேயே உணர்ந்து, ஒலியிலும் சொல்லிலும் வழுவின்றி எடுத்துரைத்தவர். முன்னோர் பேசியபடியே பேச வேண்டுமென்ற கண்டிப்பும் அவரிடம் இருந்தது.

நார்வே நாட்டு அறிஞர் ஹான்ஸ் ஃபோக்ட் தொகுத்த உபிக் அகராதி 1963-இல் ஆஸ்லோவில் வெளியாயிற்று. அதிலிருந்த பிழைகளை எடுத்துக்காட்டித் துமேசில் 1965-இல் திருத்தங்களை வெளியிட்டார். திருத்தம் எவ்வாறு இயன்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும். கேட்டுச் சரிபார்க்க, மொழி அறிந்தோர் அன்று உயிரோடிருந்தனர். உபிக் வினைச்சொல் பற்றிய துமேசிலின் பெருநூல் 1975-இல் வந்தது. எஸன்ச்சின் ஒத்துழைப்போடு உருவான நூல் அது. துமேசில் 1986-இல் மறைந்தார். அவருக்குப் பின்னும் ஜார்ஜ் சரசித்ஸே முதலிய அறிஞர்கள் ஆய்வைத் தொடர்ந்தனர். எஸன்ச்சின் குரலில் பதிவு செய்யப்பட்ட கதைகளும் உரைகளும் பாரிஸிலுள்ள ஆய்வுக்கூடத்தின் ஒலிக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011-இல், உபிக் மொழிக்கு ஒரு தனி இலக்கண நூல் வெளிவர முடிந்ததென்றால், அதற்கு அடித்தளம் இந்த இருவரும் பிறரும் இட்டதே.

காக்கப்பட்டதும் கைநழுவியதும்

ஆவணம் எவ்வளவு சிறப்புடையதாயினும் அதற்கும் எல்லை உண்டு. ஒலிகள் எண்ணப்பட்டன. சொற்கள் அகராதியில் ஏறின. கதைகள் எழுதப்பட்டன. ஆனால், ஒரு மொழி பலர் வாயில் பலவாறு வழங்கும்போது உண்டாகும் வளத்தை ஒரு தனி மனிதரிடமிருந்து பெறவே இயலாது. கராஜலார் என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவரின் பேச்சைத் துமேசில் குறித்து வைத்தார். அதில் சில மெய்களின் வேறுபாடுகள் மறைந்து, எஸன்ச்சின் பேச்சினின்றும் விலகிய வழக்கு ஒன்று காணப்பட்டது. இவ்வாறு இன்னும் எத்தனை வழக்குகள் சிற்றூர்களில் இருந்து மறைந்தனவோ! தாய் குழந்தையைத் தாலாட்டியதும், சிறுவர் விளையாட்டில் சண்டையிட்டதும், கடைவீதியில் விலை பேசியதும் முதிய ஆடவர் ஒருவரின் நினைவிலிருந்து முழுமையாக மீள்வதில்லை.

எஸன்ச்சுக்குப் புதல்வர் மூவர் இருந்தனர். துருக்கி பேசி வளர்ந்தவர்களாதலால், தந்தையின் தாய்மொழியில் அவரோடு உரையாட அவர்களால் இயலவில்லை. பாரிஸிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அறிஞர்கள் கடல் கடந்து வந்து கற்ற மொழி, அவருடைய வீட்டு முற்றத்தில் அவருக்கு மறுமொழி தரவில்லை. அவர் மீது நாம் குறை காண்பதற்கில்லை. அவர் தலைமுறையினர் அனைவரும் எதிர்கொண்ட நிலை அது. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. 1992 அக்டோபரில் நிகழ்ந்தது ஒரு மனிதரின் மரணம். மொழியின் மரணம் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நிகழ்ந்துவிட்டது. பேச இருவர் இல்லாத நாளன்றே அது முடிந்தது.

அமானிதம் என்பதன் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை, உரியவரிடம் குறைவின்றிச் சேர்ப்பதே அதன் கடமை. பாட்டனாரிடமிருந்து பெற்றதை எஸன்ச் ஓர் ஒலியும் சிதையாமல் அறிஞர்களிடம் ஒப்படைத்தார். அறிஞர்கள் அதை நூலில் ஒப்படைத்தனர். அந்த அளவில் அமானிதம் பேணப்பட்டது. ஆனால் அதனைப் பெறுதற்கு முதல் உரிமை படைத்தோர் அவ்வீட்டுப் பிள்ளைகளே அல்லரோ? நூல் வழியாகக் கிடைப்பது, வீட்டில் கிடைக்காமற் போனதற்கு ஒரு பகுதி ஈடு மட்டுமே.

உபிக் வழிவந்தோர் இன்றும் துருக்கியில் வாழ்கின்றனர். அவர்களுள் பலர் தம்மைச் சர்க்காசியர் என்றே கூறிக்கொள்கின்றனர். முன்னோரின் மொழி எவ்வாறு ஒலித்தது என அறிய விரும்பும் அவ்வீட்டுப் பிள்ளை ஒருவன், பாரிஸ் காப்பகத்திலுள்ள அந்தப் பதிவுகளை இன்றும் கேட்கலாம். முதியவர் ஒருவர் நிதானமாகக் கதை சொல்லும் குரல் அதில் ஒலிக்கும். தன் பாட்டனார் பேசியிருக்கக்கூடிய மொழி அது என்பதை அவன் அறிவான். அதன் பொருளை அறிய மட்டும் பக்கத்திலுள்ள மொழிபெயர்ப்பைப் பார்க்க வேண்டியிருக்கும்.